சாயம் படித்தவர்கள்

"பாலிமர் மற்றும் நிற வேதியியல்" என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜவுளிக் கல்லூரியின் கீழ் இது சொல்லித்தரப்படுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் நிற வேதியியலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெயரைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. இதற்கான பதில் 150 ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் இருக்கிறது. ஒரு நாடு தன் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத் தொழில்கள் இடம் மாறியிருக்கின்றன. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் சிலர் படித்த படிப்பு, பீகாரில் ஒரு விவசாயியின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டிருக்கிறது. அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

விடுமுறையில் ஒரு மாணவன்

1845ஆம் ஆண்டு லண்டனில் ராயல் வேதியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்க ஜெர்மனியிலிருந்து ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் வரவழைக்கப்பட்டார். மாணவர்களைக் கையில் குடுவையுடன் ஆய்வுக்கூடத்தில் நிற்க வைத்து வேதியியல் சொல்லித்தரும் முறையை ஜெர்மனியின் கீஸன் நகரில் லீபிக் என்ற பேராசிரியர் பிரபலமாக்கியிருந்தார். ஹோஃப்மன் அவருடைய மாணவர்.

ஹோஃப்மனிடம் 15 வயதில் வந்து சேர்ந்தவர் வில்லியம் ஹென்றி பெர்கின். 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், வீட்டிலேயே அமைத்திருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் அவர் கொய்னா தயாரிக்க முயன்றார். மலேரியாவுக்கு அப்போது அதுதான் மருந்து. சின்கோனா மரப்பட்டையிலிருந்துதான் அது கிடைத்தது. கரித்தாரிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் ஆக்சிஜனையும் சேர்த்தால், அணுக்களின் கூட்டல் கழித்தல் கணக்கு கொய்னாவுக்குச் சரியாக வந்தது. ஆனால் மூலக்கூறுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கணக்கு சரி, மருந்து வரவில்லை!

அடுத்து அனிலினை வைத்து முயன்றபோது குடுவையில் கறுப்பான கசடு மிஞ்சியது. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது அழகான ஊதா நிறம் வந்தது. பட்டில் தோய்த்தால் சாயம் பிடித்தது. வெயிலிலும் துவைத்தாலும் எளிதில் போகவில்லை. பெர்கினுக்கு அப்போது வயது 18. அதே ஆண்டு காப்புரிமை வாங்கினார், ஆசிரியரின் அறிவுரையை மீறிக் கல்லூரியை விட்டார், தந்தையும் அண்ணனும் துணை நிற்க லண்டனுக்கு அருகில் தொழிற்சாலை தொடங்கினார். அந்தச் சாயம்தான் "மோவ்". 1858இல் விக்டோரியா மகாராணி தன் மகளின் திருமணத்துக்கு இந்த நிறத்தில் உடுத்தியபின் ஊரெங்கும் ஊதாப் பைத்தியம் பிடித்தது.

இதுவரை கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது.

கண்டுபிடித்தவர் ஒருவர், படித்தவர் வேறொருவர்

செயற்கைச் சாயம் பிறந்தது இங்கிலாந்தில். கரித்தார் மலை மலையாகக் கிடந்ததும் அங்கேதான். சாயம் வாங்கும் துணி ஆலைகளும் அங்கேதான். எல்லாம் கையில் இருந்தும் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சாயத் தொழில் ஜெர்மனிக்குப் போய்விட்டது. ஏன்?

1865ஆம் ஆண்டைப் பார்த்தால் காரணம் புரியும். அந்த ஆண்டில்தான் ஹோஃப்மன் லண்டனை விட்டு பெர்லினுக்குத் திரும்பினார். அதே ஆண்டில் கெகுலே பென்சீனின் வளைய வடிவத்தை முன்வைத்தார். பிஏஎஸ்எஃப் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். பேயரும் ஹோக்ஸ்டும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1863இல், தொடங்கியிருந்தன. ஆக, ஆசிரியர், கோட்பாடு, தொழிற்சாலை மூன்றும் ஒரே நாட்டில் ஒன்று சேர்ந்தன.

பென்சீன் வளையம் வந்தபின் சாயம் தேடுவது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கவில்லை. மூலக்கூறின் எந்த இடத்தில் எதைச் சேர்த்தால் நிறம் எப்படி மாறும் என்று யோசித்து வேலை செய்யலாம். அதற்குப் படித்த ஆட்கள் வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர்களை வரிசையாக உருவாக்கின. ஜெர்மன் கம்பெனிகள் அவர்களைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டன. கம்பெனிக்குள்ளேயே ஆய்வுக்கூடம் என்ற ஏற்பாடு இந்தத் தொழிலில்தான் வேரூன்றியது. "வேதியியல் படித்தால் வேலை" என்ற நிலை உலகில் முதன்முதலில் பெரிய அளவில் உருவானது இப்படித்தான்.

1869இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து வரும் சிவப்புச் சாயத்தின் சாரம் அலிசரின். அதை ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் வழியை கிராபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் 1868இல் கண்டுபிடித்தார்கள். அதை மலிவாகத் தயாரிக்கும் முறைக்கு லண்டனில் பிஏஎஸ்எஃப் தரப்பு ஜூன் 25ஆம் தேதி விண்ணப்பித்தது. பெர்கின் விண்ணப்பித்தது ஜூன் 26ஆம் தேதி. ஒரே ஒரு நாள் வித்தியாசம்! பெர்கின் சமரசம் செய்துகொண்டு சில ஆண்டுகள் தொழில் நடத்தினார். பிறகு 1874இல் 36 வயதிலேயே தொழிற்சாலையை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். பணம் இருந்தது. ஆனால் ஜெர்மன் கம்பெனிகளுக்குப் பின்னால் நின்றதைப் போல ஒரு படித்த படை அவருக்குப் பின்னால் இல்லை.

நீலத்தின் விலை

அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம் இந்தியாவின் பழைய சரக்கு. 19ஆம் நூற்றாண்டில் வங்கத்திலும் பீகாரிலும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிட வைத்தார்கள். சம்பாரணில் நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் அவுரிதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. இதற்குப் பெயர் தீன்கட்டியா.

ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் 1865இல் நீலத்தின் மீது ஆராய்ச்சி தொடங்கினார். (பேயர் கம்பெனிக்கும் இவருக்கும் தொடர்பில்லை, பெயர் ஒற்றுமைதான்.) 1880இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1883இல் அதன் மூலக்கூறு அமைப்பைச் சொன்னார். ஆனால் அந்த முறையில் தயாரித்தால் செடி நீலத்தைவிடச் செலவு அதிகம். பிஏஎஸ்எஃப் விடவில்லை. சுமார் 1 கோடியே 80 லட்சம் தங்க மார்க் செலவழித்தது. நாஃப்தலீனிலிருந்து தொடங்கும் முறையில் ஒரு படி மட்டும் மெதுவாக நடந்து உயிரை வாங்கியது. ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கலந்தபோது அந்தப் படி வேகமாக நடப்பது தெரிய வந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது.

அந்த ஆண்டு உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன் என்கிறார்கள். 1914இல் அது சுமார் 1,000 டன். பதினேழே ஆண்டுகளில்!

தோட்ட முதலாளிகள் நஷ்டத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. அவுரிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லி விவசாயிகளின் குத்தகையை உயர்த்தினார்கள், அல்லது மொத்தமாக ஒரு தொகை கேட்டார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீலம் வருவது நின்று விலை ஏறியதும் மறுபடியும் அவுரி போடச் சொன்னார்கள். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனது இந்தப் பிரச்சனைக்காகத்தான். 1918இல் சட்டம் வந்து தீன்கட்டியா ஒழிந்தது. இந்தியப் பள்ளிப் பாடத்தில் சம்பாரண் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறது. பென்சீன் வளையம் வேதியியல் புத்தகத்தில் வருகிறது. இரண்டும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

விழித்துக்கொண்ட லீட்ஸ்

இங்கிலாந்தில் கம்பளித் துணிக்குப் பேர் போன யார்க்‌ஷயர் பகுதியில் 1874இல் ஒரு அறிவியல் கல்லூரி தொடங்கியது. லண்டன் துணி வணிகர் சங்கத்தின் உதவியோடு அங்கே சாயமிடுதல் ஒரு துறையானது. அந்தக் கல்லூரியே பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகம் ஆயிற்று. பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டில் 1884இல் சாயமிடுவோர் மற்றும் நிற வேதியியலாளர்களின் சங்கம் தொடங்கப்பட்டது. சாயங்களுக்கெல்லாம் எண் கொடுத்துப் பட்டியலிடும் "கலர் இண்டெக்ஸ்" இந்தச் சங்கத்தின் வேலை.

ஆனாலும் 1914இல் போர் வந்தபோது பிரிட்டன் தன் சாயத்தில் பெரும்பகுதியை எதிரி நாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. துணி ஆலைகள் திண்டாடின. அரசே பணம் போட்டு 1915இல் பிரிட்டிஷ் டைஸ் நிறுவனத்தை உருவாக்கியது. பல கைமாறி அது 1926இல் ஐசிஐ நிறுவனத்தில் ஓர் அங்கமானது. 1916இல் லீட்ஸில் நிற வேதியியல் பேராசிரியராக வந்தவர் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின். மோவ் கண்டுபிடித்த பெர்கினின் மகன். அப்பா விட்ட படிப்பை மகன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்!

பெரிய மூலக்கூறு

நிற வேதியியல் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துவிட்டது. பாலிமர்?

இதில் வேடிக்கை என்னவென்றால், பாலிமர் என்ற பொருள் எங்கும் இருந்தது, அப்படி ஒன்று இருக்கிறது என்பதைத்தான் யாரும் நம்பவில்லை. ரப்பர், பருத்தி, பட்டு எல்லாம் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம் என்றே பெரிய பெரிய வேதியியலாளர்கள் நினைத்தார்கள். 1920இல் ஹெர்மன் ஸ்டௌடிங்கர், "இல்லை, இவை ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த ஒரே நீளச் சங்கிலி" என்ற கருத்தை வெளியிட்டார். பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்தார். நோபல் பரிசு வந்தது 1953இல். அப்போது அவருக்கு 72 வயது.

அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் ஹார்வர்டில் ஆசிரியர் வேலையை விட்டு 1928இல் டூபாண்ட் கம்பெனிக்குப் போனார். சின்ன மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்து, நீளச் சங்கிலி உண்மைதான் என்று செய்தே காட்டினார். 1935இல் அவருடைய குழு நைலானை உருவாக்கியது. மனச்சோர்வால் நெடுநாள் அவதிப்பட்ட கரோதர்ஸ் 1937இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1940 மே மாதம் நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தபோது அவர் இல்லை.

படிப்பு விஷயத்தில் இங்கேயும் தொழில்தான் வழி காட்டியது. டயர் தொழிற்சாலைகள் நிறைந்த ஆக்ரன் நகரில் 1909இலேயே ரப்பர் வேதியியல் வகுப்பு தொடங்கிவிட்டது. நாஜிகளுக்குத் தப்பி வெளியேறிய வியன்னா வேதியியலாளர் ஹெர்மன் மார்க், நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் 1940களில் பாலிமருக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்.

துணி சாயத்தை மறுத்தபோது

சாயமும் பாலிமரும் ஏன் ஒரே படிப்பில் சேர்ந்தன? காரணம் சாயத்தொட்டியில் இருக்கிறது.

பருத்தியும் கம்பளியும் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் கரைந்த சாயம் அதோடு உள்ளே போகும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியெஸ்டரோ தண்ணீரைக் கிட்டவே சேர்க்காது. சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி நிற்கும். வழக்கமான சாயத்தில் போட்டால் நனைந்த கோழி மாதிரி வெளுப்பாகவே வெளியே வரும்.

தீர்வு காண இரண்டையும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 1920களில் அசிடேட் இழைக்காக உருவான, தண்ணீரில் கரையாமல் நுண்துகளாக மிதக்கும் "டிஸ்பர்ஸ்" சாயங்கள் இங்கே கைகொடுத்தன. பாலியெஸ்டரை அழுத்தத்தில் வைத்துச் சுமார் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதன் சங்கிலிகள் இளகி அசையும். அந்த இடைவெளியில் சாய மூலக்கூறு நுழைந்துவிடும். ஆறியதும் கதவு மூடிக்கொள்ளும், சாயம் உள்ளேயே சிக்கிவிடும். இழை எப்போது இளகும் என்பது பாலிமர் பாடம். எந்த அளவு மூலக்கூறு உள்ளே நுழையும் என்பது நிறப் பாடம். ஒன்றை மட்டும் படித்தவரால் ஒரு பாலியெஸ்டர் புடவைக்குக்கூடச் சாயம் போட முடியாது.

பருத்திக்கும் ஒரு புரட்சி வந்தது. 1954இல் ஐசிஐயில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இருவர், இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களை உருவாக்கினார்கள். "புரோசியான்" என்ற பெயரில் அவை விற்பனைக்கு வந்த ஆண்டு 1956. மோவுக்குச் சரியாக நூறு வயது.

பம்பாயில் ஒரு சென்னைக்காரர்

1933இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பத் துறை தொடங்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அங்கே ஜவுளி வேதியியல் ஒரு பாடம். பம்பாயின் பஞ்சாலைகளுக்கு ஆள் வேண்டுமே! அந்தத் துறைக்கு 1938இல் முதல் இந்தியத் தலைவராக வந்தவர் கே. வெங்கடராமன். 1901இல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தவர். கரிம வேதியியல் மாணவர்கள் "பேக்கர்-வெங்கடராமன் மறுசீரமைப்பு" என்று படிக்கும் வினையில் இருப்பது இவர் பெயர்தான்.

1952இல் வெளிவரத் தொடங்கிய இவருடைய செயற்கைச் சாய வேதியியல் நூல் பின்னர் பல தொகுதிகளாக வளர்ந்து உலகெங்கும் இத்துறையினர் புரட்டும் நூலானது. இந்தியாவின் நீலத்தை ஜெர்மன் படிப்பு அழித்தது என்றால், சாய வேதியியலையே உலகத்துக்குப் பாடமாக எழுதிக் கொடுத்தவர் ஓர் இந்தியர். 1957இல் அவர் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். பம்பாய்த் துறை இன்று வேதித் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரில் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் 1944இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் உருவான ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் இடம்பெற்றதும் இதே தேவையால்தான்.

உடம்பும் ஆறும்

இந்தப் பாடத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1895இல் பிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைக் கவனித்துச் சொன்னார். சில அரோமாட்டிக் அமீன்களே காரணம் என்று உறுதிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை தொழிலாளிகள் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். அத்தகைய அமீன்களை வெளியிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. இந்தியாவிலும் 1990களில் தடை வந்தது. ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் நம் சாயப்பட்டறைகளும் கெமிஸ்ட்ரியைக் கவனிக்க ஆரம்பித்தன.

திருப்பூர் கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போட உப்பு நிறைய வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளுவது உப்புதான். அது இழையில் ஒட்டாது, அப்படியே கழிவுநீரில் போகும். சாயத்திலும் ஒரு பகுதி இழைக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். நிறத்தை வடிகட்டினாலும் உப்பு போகாது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் அப்படித்தான் கெட்டன. விளைநிலம் உப்பேறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு பக்கம் வேலை இழந்த தொழிலாளிகள், இன்னொரு பக்கம் கிணறு இழந்த விவசாயிகள். சவ்வூடு பரவல், ஆவியாக்குதல் எனக் கழிவுநீரை முழுவதும் மீட்டெடுக்கும் முறைக்கு மாறித்தான் பட்டறைகள் மீண்டும் ஓடின. அந்தச் சவ்வு என்ன தெரியுமா? அதுவும் பாலிமர்தான்!

எங்கே போகிறார்கள்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். இந்தப் படிப்பில் மாணவர்கள் கரிம வேதியியல், பாலிமர் உருவாக்கம், சாயமிடும் முறைகள், நிறத்தை அளக்கும் அறிவியல் ஆகியவற்றைப் படிக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமில்லை. கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்த புடவையும் ரவிக்கையும் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் வீட்டுப் பெண்கள் துணியை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள். இதற்கு மெடாமரிசம் என்று பெயர். ஒரு லட்சம் மீட்டர் துணிக்கு இந்தத் தவறு நடந்தால் கம்பெனி தாங்காது. "ஷேடு" பொருத்தத் தெரிந்தவருக்கு எப்போதும் வேலை உண்டு.

துணி ஆலை மட்டுமில்லை. பெயின்ட், அச்சு மை, பிளாஸ்டிக், அழகுசாதனப் பொருள், அறுவைத் தையல் நூல், செல்போன் திரை எல்லாவற்றிலும் நிறமோ பாலிமரோ இரண்டுமோ இருக்கின்றன. மருந்துத் துறைக்கும் பழைய உறவு உண்டு. 1891இல் எர்லிச்சும் அவரது சகாவும் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குணம் தெரிந்தது. மலேரியா மருந்து தேடிப் போன பெர்கினுக்குச் சாயம் கிடைத்தது, சாயத்திலிருந்து மலேரியா மருந்து கிடைத்தது! 1930களில் வந்த முதல் சல்ஃபா மருந்தான பிரண்டோசிலும் ஒரு சிவப்பு அசோ சாயம்தான்.

2014இல் ஈஸ்ட்மன் கம்பெனி தன்னிடமிருந்த சுமார் 98,000 சாய மாதிரிகளை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. மேக்ஸ் வீவர் என்ற வேதியியலாளரின் பெயரால் அது ஒரு நூலகமாக வைக்கப்பட்டிருக்கிறது. புத்தகத்துக்குப் பதில் சின்னச் சின்னக் குப்பிகள். ஒரு கம்பெனியின் ஆட்கள் பல பத்தாண்டுகள் செய்த வேலை மாணவர்களின் கைக்கு வந்திருக்கிறது.

எனவே "என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமில்லை. 1856இல் இங்கிலாந்தின் கையில் கண்டுபிடிப்பு இருந்தது, ஆள் இல்லை. ஜெர்மனி ஆளை உருவாக்கியது, தொழில் தானாக வந்தது. சம்பாரண் விவசாயிக்கு இவை எதுவும் தெரியாது, விலை மட்டும் அவன் கொடுத்தான். நொய்யல் கரையிலும் அப்படித்தான். உப்பில்லாமல் பருத்தியில் சாயம் ஏற்றுவது எப்படி என்ற ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்து வருகிறது. அதை மலிவாகச் செய்து காட்டுபவருக்கு வேலை தேட வேண்டியிருக்காது. நொய்யல் கரையில் அவருக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.